லிங்கன் கட்சிக்காரர் உயர்ந்த விதம்

மார்த்தாண்டத்து வாழைக்குலை வியாபாரி செல்வதாஸ், சபை மண்டபத்துப் பட்டிமன்றத்தில் ஆபிரகாம் லிங்கனுக்காகப் பேசிக்கொண்டிருந்தபோது தரையிலிருந்து ஒரு சாண் எழும்பினார். போன ஆனி மாதம், ஞாயிறு ஆராதனை முடிந்து பகல் பதினொன்றரை மணி. அன்று மட்டி வாழைக்குலைக்கு நல்ல விலை.

கலகம் செய்த மாநிலங்களின் அடிமைகளுக்கு மட்டும் விடுதலை அறிவித்துவிட்டு, தன்னோடு நின்ற மாநிலங்களின் அடிமைகளை லிங்கன் அப்படியே விட்டுவைத்தது சரியா என்பதுதான் கேள்வி. சரியே என்றார் செல்வதாஸ். "எல்லாரையும் ஒரே நாள்ல விட்டா, கூட நிக்கியவனும் ஓடிருவான். கொஞ்சம் பொறுக்கணும்!" பொறுக்கணும் என்றதும் இன்னொரு சாண் ஏறினார். கைதட்டல் விழவே, அதையே நாலைந்து தடவை சொன்னார். மின்விசிறியை அணைக்க வேண்டியதாயிற்று.

எதிரணியில் பேசியவர் அவர் மனைவி ஜெயபாய். "பக்கத்து வீட்டுக் கிளிக்கூட்டத் தொறந்துவிட்டு, சொந்த வீட்டுக் கூட்டுக்குப் பூட்டா? நமக்குத் தெரிஞ்ச ஆரையோ போலல்லா இருக்கு!" மண்டபம் சிரித்தது. தெருவில் மூன்று தகப்பன்மாரிடம் வாதாடி அவர்கள் பெண்களை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பி வைத்தவர் செல்வதாஸ். தன் மகள் பெமிலாவுக்கு அயர்லாந்தில் நர்ஸ் வேலை கிடைத்தபோது மட்டும், எட்டு மாதமாக "பொறவு பாக்கலாம்" என்றார். வருகிற வியாழக்கிழமை விமானம், தவறினால் வேலை வேறொருத்திக்கு. பாஸ்போர்ட் இருந்த அலமாரியின் சாவி அவர் அரைஞாணில் கிடந்தது. அவர் தலை இப்போது உத்தரத்தை முட்டிற்று; அரைஞாண் கைக்கெட்டாத உயரத்தில் நின்றது.

நடுவர் ராஜமணி சமாதானம் பேசிப் பார்த்தார். "அடிமைத்தனம் ஒழியாம சமாதானம் இல்லண்ணு லிங்கன் நின்னாருண்ணு நீங்கதானே புகழ்ந்தீங்க? நானும் அங்கதான் நிக்கேன்" என்றார் ஜெயபாய், மேலே கணவரைப் பார்த்து. வேறு வழி தெரியாத செல்வதாஸ், சந்தையில் பிறர் அறியாமல் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவதுபோல, மேலிருந்து துண்டைத் தொங்கவிட்டுக் கையை நீட்டினார். ஜெயபாய் நாற்காலிமேல் ஏறிக் கை கொடுத்தார். மகள் போக ஒரு வருடம் தவணை என்று ஒரு விரலைத் தேடினார் அவர். கிடைத்தது மூடிய முஷ்டி. ஆறு மாதத்துக்குத் தேடினார், முஷ்டி. முப்பது வருட வியாபாரத்தில் விரலே தராத கையை அவர் பிடித்ததில்லை.

"அப்பா, பேடியா இருக்கா?" என்று கீழிருந்து கேட்டாள் பெமிலா.

"ஆமா மக்களே, பயம்தான். நீ போனா வீடு வெறிச்சுக் கெடந்து மொரளும்."

"மொரளட்டும். நான் போன்ல விளிச்சுப் பேசுவேன், நீங்க கேக்கணும்."

செல்வதாஸ் அரைஞாணை அவிழ்த்துச் சாவியை ஜெயபாயின் முஷ்டிமேல் வைத்தார். வைத்த வேகத்தில் கீழே இறங்கி, தரைக்கு ஒரு சாண் இருக்கும்போது நின்றுவிட்டார். லிங்கன் பொறுத்தது சரிதான் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார், அதனால் இருக்கலாம். சபையிலிருந்த டாக்டர் ஒருவர் பிரஷர் பார்த்தார், நார்மல்.

பெமிலா வியாழக்கிழமை போனாள். ஞாயிறுதோறும் கூப்பிடுகிறாள். "இப்பமும் ஒரு சாணா அப்பா?" என்பாள். "ஒரு சாண்தான் மக்களே" என்பார் அவர். பிறகு அங்கே மழையா, மீன் கிடைக்கிறதா என்று பேசத் தொடங்குவார்கள்.