பெண்ணுக்கு இரண்டு நிறுத்தம்

கோடை மேய்ச்சல் முடிந்து மாடுகள் மலையிறங்கும் சனிக்கிழமையன்று எங்கள் ஊரில் கால் வைக்க இடமிருக்காது. சுற்றுலா அலுவலகத்து ஹார்ட்விக் ஒரு தாள் அடித்து எல்லோர் கையிலும் திணித்துவிடுவான். எட்டரைக்கு மாதா கோயில் மணிக்கூண்டு, பத்துக்குப் பாலாடைக்கட்டி ருசி பார்ப்பது, பதினொன்றரைக்கு மாடுகள், சாயங்காலம் சறுக்கு வண்டி. இதில் மணிக்கூண்டு மட்டும் என் தலையில் விழுந்தது. கோயில் சாவிகளும் மணிகளும் இருபது வருடமாக என் பொறுப்பு.

"மணிக்கூண்டு என்ன ராட்டினமாய்யா, கண்டவனும் ஏறி இறங்க?" என்று முந்தின நாளே அவனிடம் கத்தினேன்.

"சும்மா காட்டத்தானே சொல்றேன் நோட்புர்கா. தொடவா சொன்னேன்?"

"தொடாம சும்மா இருக்குற கையை நீ எங்க பார்த்திருக்க?"

ஆனாலும் போனேன். பதினோரு பேர். மேலே நான்கு மணிகள். மூன்றுக்கு மோட்டார் வந்துவிட்டது. நான்காவது சின்ன மணி, அதை இன்னும் கையால்தான் அடிக்கிறோம். ஊரில் உயிர் போனால் மட்டும் அடிப்பது. இடையிடையே நிறுத்தி நிறுத்தி அடிப்போம்: ஆணுக்கு மூன்று நிறுத்தம், பெண்ணுக்கு இரண்டு. அந்தக் கயிற்றில் கறுப்பு நாடா கட்டி, அதை ஆணியில் சுற்றி மாட்டி வைத்திருப்பேன்.

பாதிப் படியில் ஒரு அம்மாவுக்குத் தலைசுற்றல். "நீங்க மேல போங்க, எதையும் தொடாதீங்க" என்று மற்றவர்களை அனுப்பிவிட்டு அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சின்ன மணி அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. நின்றது. மூன்றாம் முறை தொடங்கியபோது நான் மேலே பாய்ந்து கயிற்றைப் பிடுங்கினேன். வடக்கே சமவெளியிலிருந்து வந்த ஒரு பெரிய மனிதர், சிவந்த முகத்தோடு நின்றார். அவர் மனைவி கையில் கைப்பேசி. படம் சரியாக விழவில்லை என்று இரண்டு தடவை நிறுத்தச் சொல்லியிருக்கிறாள்.

"சின்ன மணிதானேம்மா? கோவிச்சுக்காதீங்க" என்றார் அவர்.

நான் எட்டிப் பார்த்தேன். கீழே கடைத்தெருவில் ஆண்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். ரொட்டிக்கடை வாசலிலிருந்து யாரோ அண்ணாந்து, "பொம்பளையா? யாருடி அது?" என்று கத்தினார்கள். யாருமில்லை, யாருமில்லை என்று இரண்டு கையையும் ஆட்டினேன். அவமானமாக இருந்தது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை.

அப்போதுதான் என் புருஷன் நினைவுக்கு வந்தான்.

விகில் ஜூன் மாதத்திலிருந்து மேல் மேய்ச்சலில் மாடுகளோடு இருக்கிறான். அதே ஜூனில்தான் என் மார்பிலிருந்து கட்டியை எடுத்தார்கள். எல்லாம் சுத்தம், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். நான் நம்பினேன். அவன் நம்பவில்லை. கீழிருந்து யார் மேலே போனாலும் முதல் கேள்வி, "அவ எப்படி இருக்கா?" சின்ன மணி மேல் மேய்ச்சல் வரை கணீரென்று கேட்கும். எத்தனையோ சாவுகளுக்கு நான் அடித்ததை அவன் கேட்டிருக்கிறான். என் கை எப்படி இழுக்கும் என்று தூக்கத்தில்கூட அவனுக்குத் தெரியும்.

இன்று அடித்தது என் கை இல்லை. பழக்கமில்லாத எவனோ தடுமாறித் தடுமாறி இழுத்திருக்கிறான். இரண்டு நிறுத்தம். பெண். ஊரில் யார் செத்தாலும் அடிக்கிறவள் நான். என்னைத் தவிர வேறொருவன் அடித்தால், செத்தது யாராக இருக்கும்?



மேலே கைப்பேசி எடுக்காது. யாராவது செத்தார்கள் என்று சொல்ல எங்களிடம் மணி இருக்கிறது. யாரும் சாகவில்லை என்று சொல்ல ஒன்றுமில்லை. பெரிய மணிகளில் நண்பகலுக்கு அடிப்பதன் மோட்டாரை அணைத்துவிட்டு அதன் கயிற்றைப் பிடித்தேன். மணி ஒன்பதேகால். இந்த நேரத்தில் நண்பகல் மணியை என் கையால் அடித்தால் அவனுக்குப் புரியும். புரிந்தே ஆக வேண்டும். தழும்பு இழுத்து வலித்தது. அழுதுகொண்டே, திட்டிக்கொண்டே அடித்தேன். சுற்றுலாக்காரர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

பிறகு கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு ஓடினேன். அங்கே காசு போட்டுப் பார்க்கிற தொலைநோக்கி இருக்கிறது. என்னிடம் காசில்லை. பின்னாலேயே வந்த அந்தப் பெரிய மனிதர்தான் ஒரு யூரோ போட்டார்.

மேல் வேலியருகே மந்தை நின்றுகொண்டிருந்தது. நிற்கக் கூடாது, நடந்துகொண்டிருக்க வேண்டும். பால்காரி ஃபிலோமெனா ஒவ்வொரு மாடாகப் போய்த் தலையிலிருந்த பூக்கிரீடத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். வீட்டில் சாவு விழுந்தால் மாடுகள் வெறுந்தலையோடுதான் இறங்கும். மந்தைக்கு முன்னால் நிற்க வேண்டியவன் அங்கே இல்லை. நான் இன்னும் தேடுவதற்குள் காசுக்கான நேரம் முடிந்து தொலைநோக்கியின் கண்ணாடி மூடிக்கொண்டது.

"இன்னொரு காசு போடட்டுமாம்மா?" என்றார் அவர்.

"வேண்டாம். எங்க இருக்கான்னு தெரிஞ்சுபோச்சு."

மாட்டுப்பாதையில் வந்தால் இரண்டரை மணி நேரம். ஆறு பாயும் மலையிடுக்கு வழியாக வந்தால் ஒரு மணி நேரம். மற்ற வருடங்களில் அதுவும் ஹார்ட்விக்கின் தாளில் இருக்கும், ஆளுக்கு ஐந்து யூரோ. ஜூலையில் சேறு சரிந்து இரண்டு நடைபாலங்களை அடித்துக்கொண்டு போனதிலிருந்து பூட்டிக் கிடக்கிறது. அவசரத்தில் அவன் அதில்தான் இறங்கியிருப்பான்; உள்ளே இறங்கிவிட்டால் தண்ணீரின் இரைச்சலில் எந்த மணியும் கேட்காது. நான் அடித்ததெல்லாம் வீண்.

இடுக்கின் கீழ்வாசலில் காவல்காரன் ஓஸ்வால்ட் உட்கார்ந்து தொத்திறைச்சி தின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டான்.

"அக்கா, நீ... மேல மணி அடிச்சுதே! யாருக்கா?"

"கதவைத் தொற."

"ரெண்டு பாலமும் இல்லக்கா. கம்பியில தொங்கிட்டுத்தான் வரணும். கம்பியும் ஒரு பக்கம் பேந்துருச்சு."

"விகில் அதுல வந்துட்டு இருக்கான்டா!"

அவன் கையிலிருந்தது கீழே விழுந்தது. கதவைத் திறந்தான், ஆனால் என்னை விடவில்லை. தோளைப் பிடித்து அமுக்கி, "நீ போய் நடுவுல மாட்டிக்கிட்டா அவன் யாரைத் தூக்குவான்? இங்கயே நில்லு" என்றான். அவன் சொன்னது சரி என்பதால் அவன் மேல் இன்னும் கோபம் வந்தது. கயிற்றை எடுத்துக்கொண்டு அவன் மட்டும் உள்ளே போனான்.

நான் வாசலில் நின்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. தண்ணீர் பழுப்பாகப் பொங்கி வந்தது. ஒரு மரக்கட்டை வந்தது. பிறகு ஒரு தொப்பி வந்தது, பச்சைத் தொப்பி, பக்கத்தில் மந்தைக்காரர்கள் செருகும் வெள்ளை இறகு. சுழலில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விட்டது.  எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. வேலிக்குப் பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டிருந்தார்கள், மாடு பார்க்க வந்தவர்கள்.

முதலில் ஓஸ்வால்ட் தெரிந்தான். அவன் இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் விகில். தலையிலிருந்து கால் வரை சேறு. இடது கையை வலது கையால் தாங்கிக்கொண்டிருந்தான், அந்த மணிக்கட்டு திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. நெற்றியிலிருந்து ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. தரையைப் பார்த்தபடியே வந்தான். வாசலுக்குப் பத்தடி முன்னால் என் கால்களைப் பார்த்தான். பிறகு மெதுவாக மேலே பார்த்தான்.

"நோட்புர்கா" என்றான்.

"நான்தான்யா. ஒண்ணுமில்ல. எவனோ போட்டோவுக்கு இழுத்துட்டான். யாரும் சாகல."

அவன் அங்கேயே ஈரப்பாறையில் உட்கார்ந்துவிட்டான். கட்டி எடுத்தபோது ஆஸ்பத்திரியில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற மனிதன், இத்தனை பேர் பார்க்க வாய்விட்டு அழுதான். வேலிக்குப் பின்னால் ஒருத்தி கைப்பேசியைத் தூக்கினாள். நான் குறுக்கே போய், அவன் முகம் தெரியாதபடி என் பாவாடையை விரித்துக்கொண்டு நின்றேன்.

"பைத்தியக்காரா, பாலம் இல்லன்னு உனக்குத் தெரியாதா?" என்றேன். "செத்தவளைப் பார்க்க என்னய்யா அவசரம்? மாட்டுப்பாதை வழியா வந்திருக்கக் கூடாதா? செத்தவ எங்க ஓடிருவா?"

அவன் என் இடுப்பை நல்ல கையால் கட்டிக்கொண்டு, முகத்தை என் வயிற்றில் புதைத்துக்கொண்டான். சொன்னது சரியாகக் கேட்கவில்லை. குனிந்து மறுபடி சொல்லச் சொன்னேன்.

"ஜூன்லேர்ந்து தினமும் நீ போயிட்டதா நெனச்சு நெனச்சு மனசைப் பழக்கி வச்சிருந்தேன்டி" என்றான். "இன்னைக்கு மணி அடிச்சப்ப அதுல ஒண்ணுகூட உதவல."