இரண்டாவது வட்டம்

வாக்குச்சீட்டில் மூன்று பெயர்கள் இருந்தன. மேலே, இரண்டு பேர் வரை தேர்ந்தெடுக்கலாம் என்று அச்சிட்டிருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் இடப்பக்கம் ஒரு சின்ன வட்டம். விருப்பமானதைக் கறுப்பாக்க வேண்டும்.

மார்வா ஹெக்லண்டுக்கு எதிரே இருந்த வட்டத்தை முதலில் நிரப்பினேன். அவள் என் மனைவி. பிறகு பேனாவை எடுக்காமல் நின்றேன்.

எங்கள் ஹால்டனில் தீயணைப்பு நிலையம்தான் வாக்குச்சாவடி. வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே மூன்று மடக்கு மேசைகளைப் போட்டிருந்தார்கள். என் இடப்பக்கத் தடுப்பில் யாரோ இருமினார்கள். வாசலில் காபி மணத்தது.

பள்ளி வாரியத்தில் ஏழு இடங்கள். அதில் இரண்டுக்குத் தேர்தல். ஹால்டனும் ரோஸ்பரியும் ஒரே வாரியத்தின் கீழ் வருகின்றன. ரோஸ்பரி பெரியது. ஹால்டனில் அறுபத்தொரு பிள்ளைகள் படிக்கும் தொடக்கப் பள்ளி ஒன்று மட்டும். அதை மூடுவதா என்று ஜனவரியில் வாரியம் ஓட்டெடுக்கப் போகிறது. மீதி ஐந்து பேரில் மூன்று பேர் மூட வேண்டும் என்கிறார்கள், இரண்டு பேர் கூடாது என்கிறார்கள். நிற்கிற மூவரில் ரால்ப் பெக் ஓய்வுபெற்ற கால்பந்துப் பயிற்சியாளர். அவர் ஹால்டனில் படித்தவர், மூட விடமாட்டார். அவர் ஜெயிப்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆகவே மூன்றுக்கு மூன்று. மிச்சமிருக்கும் அந்த ஓர் இடம்தான் முடிவு செய்யும். அது மூடக் கூடாது என்கிற மார்வாவுக்கு, அல்லது மூட வேண்டும் என்கிற கிளென் ஸ்டாடுக்கு.

எங்கள் மகள் டிரூடிக்கு ஏழு வயது. ஐந்து வயதில் சர்க்கரை நோய் வந்தது. ஊசி, சர்க்கரையை அளக்கக் கையில் ஒட்டிய வில்லை, மார்வாவின் கைபேசியில் நாள் முழுவதும் அந்த அளவைக் காட்டும் ஓர் எண். ஒருமுறை டிரக்கில் என் பக்கத்தில் உட்கார்ந்து பாடிக்கொண்டே வந்தவளுக்குச் சர்க்கரை இறங்கித் தலை சாய்ந்தது. தூங்குகிறாள் என்று நினைத்தேன். பத்து நிமிடம் அப்படியே ஓட்டினேன்.

ஹால்டன் பள்ளி எங்கள் வீட்டிலிருந்து ஒரு மைல். ரோஸ்பரிக்கு பஸ்ஸில் எழுபது நிமிடம். நாற்பது பிள்ளைகள், ஓர் ஓட்டுநர், அவர் கண் சாலையில். எங்கள் டிரக்கிலேயே கொண்டுபோய் விடலாம்தான். ஆனால் பனிக்காலத்தில் பனியை வாரும் வண்டி பஸ் போகும் சாலையைத்தான் முதலில் வாரும். மற்றச் சாலைகளில் போகிறவர்கள் பள்ளத்தில் கிடப்பார்கள்.

கிளென் கெட்டவர் இல்லை. ரோஸ்பரியில் நாள் முழுவதும் நர்ஸ் இருக்கிறாள், ஹால்டனுக்குச் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் வருகிறாள், உங்கள் பெண்ணுக்கே அதுதான் நல்லது என்று என்னிடம் நேரிலேயே சொன்னார். அவர் சொன்னதில் தவறில்லை. பஸ்ஸைப் பற்றி மட்டும் அவரிடம் பதில் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன் அறுவடை நேரத்தில் எனக்குக் குடல்வால் வெடித்தது. மருத்துவமனையில் பதினொரு நாள் கிடந்தேன். கிளென் தன் சோளத்தை வயலிலேயே விட்டுவிட்டு, தன் அறுவடை இயந்திரத்தைக் கொண்டுவந்து என்னுடைய இருநூறு ஏக்கரை நான்கு நாளில் அறுத்துப் போட்டார். ஐந்தாம் நாள் பனி விழுந்தது. அவருடையதில் பாதி போயிற்று. அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் பேசியதில்லை. நானும் பேசியதில்லை. எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்டதற்கு நன்றி சொன்னால் இரண்டு பேருக்கும் கூச்சமாகிவிடும்.

ஜோலின் மார்வாவின் சிநேகிதி. ஒரு மாதமாக வீடு வீடாகப் போய் ஒரே விஷயத்தைச் சொன்னாள். மார்வாவுக்கு மட்டும் போடுங்கள், இரண்டாவது வட்டத்தை அப்படியே விட்டுவிடுங்கள். அதை நிரப்பினால் அது கிளெனுக்குப் போய்ச் சேரலாம். எல்லோரும் தலையசைத்தார்கள். எங்கள் ஊரில் தலையசைப்பது சம்மதம் இல்லை. காது கேட்டது என்று அர்த்தம்.

மார்வா யாரிடமும் ஓட்டுக் கேட்கவில்லை. எலுமிச்சை கேக் சுட்டுக்கொண்டு போனாள், வானிலையைப் பற்றிப் பேசினாள், தட்டைத் திரும்ப வாங்காமல் வந்தாள்.

நான் யோசித்தேன். ரால்புக்கு என் ஓட்டுத் தேவையில்லை. பாதி நிரப்பிய தாளைக் கொடுப்பது எனக்குப் பழக்கமில்லை. ஓர் ஓட்டில் என்ன ஆகிவிடும்.

கிளெனின் வட்டத்தைக் கறுப்பாக்கினேன். இயந்திரம் தாளை உள்ளே இழுத்துக்கொண்டது.

அன்று இரவு எட்டரைக்கு வாரியத்தின் எழுத்தர் பெர்னடீன் தொலைபேசியில் அழைத்தாள். மார்வா எண்களைப் பழைய உறையின் பின்புறம் எழுதினாள். ரால்ப் பெக் 702. மார்வா ஹெக்லண்ட் 431. கிளென் ஸ்டாட் 431.

அவள் அந்த இரண்டாவது 431-ஐ எழுதியபின் பேனாவைக் கீழே வைக்கவில்லை. இன்னும் ஏதோ வரும் என்பதுபோல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஜோலின் எங்கள் சமையலறையில் இருந்தாள்.

"யாரோ ஒருத்தர்," என்றாள். "ரெண்டு போட்டிருக்காங்க. அது ஒண்ணு இல்லேன்னா நாம ஜெயிச்சிருப்போம். நம்ம ஆளுதான்."

மார்வா விடச் சொன்னாள். ஜோலின் விடவில்லை. விரல்விட்டு ஒவ்வொருவராக எண்ணினாள். கடைசியில் தானியக் கிடங்கில் வேலை செய்யும் டெல்மரிடம் வந்து நின்றாள். அவன் கிளெனோடு மான் வேட்டைக்குப் போகிறவன். கேக்கை வாங்கும்போது அவன் கண்ணைப் பார்க்கவில்லை என்றாள்.

"மூணு துண்டு தின்னான். மூணு துண்டு."

நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவிய தட்டையே மறுபடி கழுவினேன்.

சமமானால் முதலில் கையால் எண்ணக் கேட்கலாம். கேட்டோம். வெள்ளிக்கிழமை ரோஸ்பரி பள்ளி நூலகத்தில் எண்ணினார்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் ஆள் உட்கார்ந்து பார்க்கலாம். மார்வா கிடங்கு அலுவலகத்தில் கணக்கெழுதும் வேலையில் இருந்ததால் அவள் சார்பில் நான் போனேன். பெர்னடீன் ஒவ்வொரு சீட்டாகத் தூக்கிக் காட்டினாள். மார்வாவுக்கும் கிளெனுக்கும் ஒருசேர விழுந்த சீட்டுகள் மொத்தம் ஒன்பது. ஒவ்வொன்றையும் பார்த்து இதுதான் என்னுடையது என்று நினைத்தேன். வட்டங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. மறுபடியும் 431, 431.

வெளியே வரும்போது கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பஸ் ஓட்டுநர்கள் தேவை, பயிற்சி நாங்களே தருகிறோம். மேசையில் விண்ணப்பங்கள் அடுக்கியிருந்தன. ஒன்றை எடுத்து மடித்து, டிரக்கில் கண்ணாடிக்கு மேலே இருக்கும் வெயில் தடுப்புக்குள் செருகினேன். எதற்கு என்று அப்போது என்னிடம் யாராவது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்குச் சீட்டுக் குலுக்கல். சட்டம் அப்படி. வாரியம் கூடி, முடிவைச் சரிபார்த்து, சமமாக இருந்தால் குலுக்கிப் போட வேண்டும். டிரூடியை ஜோலினிடம் விட்டுவிட்டுக் கிளம்பினோம்.

அந்த ஒரு வாரமும் மார்வா சரியாகத் தூங்கவில்லை. இரவில் எழுந்து டிரூடியின் அறை வாசலில் நின்றாள். எண் சரியாக இருந்த இரவுகளிலும் நின்றாள். கிடங்கில் டெல்மர் அவளிடம் வந்து, தான் ஒன்றுதான் போட்டேன் என்று சொன்னானாம். அவள் நம்பினாளாம். ஜோலின் நம்பவில்லை.

மேற்கு நோக்கிய சாலை. வெயில் கண்ணில் அடித்தது. மார்வா வெயில் தடுப்பைக் கீழே இழுத்தாள். தாள் அவள் மடியில் விழுந்தது.

பிரித்துப் படித்தாள்.

"இது என்ன?"

"பஸ் ஓட்டறதுக்கு."

"அது தெரியுது. நான் தோத்துடுவேன்னு முடிவே பண்ணிட்டியா?"

"அப்படி இல்ல."

"வேற எப்படி?"

ஒரு தானிய லாரி எதிரே வந்து போனது. அது போகும்வரை காத்திருந்தேன்.

"நான் கிளெனுக்கும் போட்டேன்," என்றேன்.

அவள் கை நீட்டி வெப்பக்காற்றை நிறுத்தினாள். டயர்களின் சத்தம் மட்டும் கேட்டது.

"உனக்கு ஒண்ணு. அவருக்கு ஒண்ணு."

"ஏன்?"

"சோளத்துக்காக."

"எந்தச் சோளம்?"

"அவர் அறுத்துக் கொடுத்தாரே."

ஒரு மைல் போயிற்று. அவள் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அறுத்த வயல்கள், தட்டைகள், அங்கங்கே பனி.

"அதுக்கு ஒரு கேக் சுட்டுக் கொடுத்திருக்கலாமே, ஆர்வின்," என்றாள். "நான்தான் ஒரு மாசமா சுட்டுட்டே இருந்தேனே."

நான் வேகத்தைக் குறைத்திருந்தேன். அவள் அதைக் கவனித்து, நேரமாகிறது என்றாள்.

"ஒரு வாரமா டெல்மர் மூஞ்சியில ஜோலின் முழிக்கல. நீ பார்த்துட்டுத்தான இருந்த?"

"ஆமா."

"பார்த்துட்டு தட்டு கழுவிட்டு இருந்த."

"ஆமா."

ரோஸ்பரி போய்ச் சேருவதற்குள் அவள் கைபேசியை இரண்டு முறை எடுத்துப் பார்த்தாள். தாளை மடித்துத் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

நூலகத்தில் முப்பது பேர் இருந்தார்கள். பிள்ளைகளின் குட்டை நாற்காலிகளில் முழங்கால் தூக்கி உட்கார்ந்திருந்தார்கள். கிளென் சுவரோரம் நின்றார். வேட்டைக்கான ஆரஞ்சுத் தொப்பி போட்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் வந்தார்.

"இந்த மாதிரி நான் பார்த்ததே இல்ல, மார்வா," என்றார். "எங்கயாச்சும் ஒத்தை ஓட்டு இந்தப் பக்கம் விழுந்திருந்தா நாம எல்லாம் இப்ப வீட்ல இருந்திருப்போம்."

"நீங்க எப்படிப் போட்டீங்க?" என்று மார்வா கேட்டாள். எங்கள் ஊரில் யாரும் யாரிடமும் கேட்காத கேள்வி.

கிளென் கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்கிற ஆளில்லை.

"எனக்கு மட்டும்தான். எங்க ஆளுங்ககிட்டயும் அப்படித்தான் சொன்னேன்."

"ஆர்வின் ரெண்டு போட்டான்," என்றாள். "ஒண்ணு உங்களுக்கு."

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பினார்கள். கிளென் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்க்கவில்லை. அவ்வளவுதான் என்னால் முடிந்தது. அவர் தொப்பியைக் கழற்றினார். பிறகு அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டார்.

"நான் கேக்கலையே, ஆர்வின்," என்றார்.

"இல்ல. கேக்கல," என்றேன்.

பெர்னடீன் ஒரே அளவில் வெட்டிய இரண்டு காகிதங்களைக் காட்டினாள். ஒன்றில் ஒரு பெயர், மற்றதில் மற்றொரு பெயர். ஒரே மாதிரி நான்காக மடித்தாள். ஒரு பழைய காபி டின்னில் போட்டு மூடிக் குலுக்கினாள். உள்ளே அவை ஏறக்குறைய சத்தமே போடவில்லை.

அப்போது மார்வாவின் கைபேசி அதிர்ந்தது. டிரூடியின் சர்க்கரை எழுபத்திரண்டு, பக்கத்தில் கீழ்நோக்கிய அம்பு. ஜோலினிடம் பழச்சாறு இருக்கிறது, என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியும். எல்லாம் எனக்குத் தெரியும். இருந்தும் என் கண் டின்னை விட்டுக் கைபேசிக்குப் போயிற்று. மார்வாவும் அதையேதான் பார்த்தாள். ஆகவே வாரியத் தலைவர் டின்னுக்குள் கைவிட்டதை நாங்கள் இருவரும் பார்க்கவில்லை.

"கிளென் ஸ்டாட்," என்று படித்தார்.

யாரும் கைதட்டவில்லை. பெர்னடீன் மற்ற காகிதத்தையும் எடுத்துப் பிரித்து, அதில் மார்வாவின் பெயர் இருப்பதை எல்லோருக்கும் காட்டினாள். அதுவும் விதி.

கிளென் மார்வாவிடம் கை கொடுத்தார். அவள் கொடுத்தாள். என்னிடம் வந்தார். என் தோளில் கை வைத்து எடுத்துக்கொண்டார். ஜனவரியில் அவர் எந்தப் பக்கம் போடுவார் என்பது மாறப்போவதில்லை. அதற்காகத்தான் அவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நானும்தான்.

டிரக்கில் ஏறியதும் மார்வா ஜோலினுக்கு அழைத்தாள். தோற்றுவிட்டேன் என்று சொன்னாள். டிரூடி சாறு குடித்தாளா என்று கேட்டாள். குடித்திருந்தாள். பிறகு, "டெல்மர் இல்ல, ஜோலின். ஆர்வின்," என்றாள். மறுமுனையில் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. அவள் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஆமா, இருட்டறதுக்குள்ள வந்துடுவோம்," என்று வைத்தாள்.

திரையில் எண் எண்பத்தொன்று ஆகியிருந்தது. அம்பு படுத்திருந்தது. நான் சாவியைத் திருப்பப் போனேன்.

"இரு," என்றாள்.

கோட்டுப் பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்து மடிப்பை நீவினாள். பேனாவையும் எடுத்தாள். இரண்டையும் என் மடியில் வைத்தாள்.

"எழுது. அலுவலகம் அஞ்சு மணி வரைக்கும் இருக்கும்."

"இப்பவா?"

"ரெண்டு பக்கமும் எழுதணும். ஒரு இடத்தையும் காலியா விடாத. அதான் உனக்கு விடவே வராதே."

ஸ்டியரிங்கின் மேல் தாளை வைத்து எழுதினேன். பெயர், வயது, கண்பார்வை, எத்தனை வருடமாகக் கனரக வண்டி ஓட்டுகிறேன் என்ற விவரம். அவள் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே வந்தாள். கண்ணாடியில் எங்கள் மூச்சு படிந்தது. எப்போதிலிருந்து வேலைக்கு வர முடியும் என்று கடைசியில் ஒரு கேள்வி. பள்ளியை மூடினாலும் அடுத்த செப்டம்பரில்தான் டிரூடி பஸ்ஸில் ஏறுவாள். செப்டம்பர் என்று எழுத ஆரம்பித்தேன்.

"அடிச்சிட்டு நாளைக்குன்னு போடு," என்றாள் மார்வா. "அவ ஏறும்போது அந்த ரோடு உனக்குப் பழகி இருக்கணும்."