டாமரக் தெருவின் ஆட்சேபணை

கார்லா வெஸ்ட்ரமின் வீடு டாமரக் தெருவும் ஏழாம் தெருவும் சேருகிற முனையில் இருந்தது. முனை வீடு என்றால் இரண்டு பக்கமும் வெளிச்சம், இரண்டு பக்கமும் பனி தள்ளுகிற வேலை. அந்த ஜனவரியில் இரண்டு பக்கத்துக்கும் தண்டமும் வந்து சேர்ந்தது. ப்ரெஸ்ட்விக் நகரமன்றம் இரண்டு தெருக்களையும் அடியோடு பெயர்த்து, புதுச் சாக்கடைக் குழாய் பதித்து, ஓரக்கல் வைத்துப் புதிதாகப் போடப்போகிறதாம். செலவில் பாதியை வீட்டுக்காரர்கள் தலையில் கட்டப்போகிறதாம், அவரவர் மனை தெருவைத் தொடுகிற நீளத்தை அளந்து. மற்றவர்களுக்குப் பதினோராயிரம் டாலர் சொச்சம் வந்தது. கார்லாவுக்குப் பத்தொன்பதாயிரம்.

ஐம்பத்தெட்டு வயதில் அவள் பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தாள். விவாகரத்தில் அவளுக்கு மிஞ்சியது அந்த வீடு ஒன்றுதான். முதுகுக்குப் பின்னால் நாற்பது பிள்ளைகள் போடுகிற கூச்சலை ஒரே அதட்டலில் அடக்குகிறவள் அவள். நகரமன்றம் மட்டும் எம்மாத்திரம் என்று கிளம்பிவிட்டாள். தெரு நல்ல நிலையில் இருக்கிறது, புதுப்பிக்க வேண்டிய அவசியமே இல்லை என்று ஒரு மனு எழுதிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். இருபத்தாறு வீடுகளில் இருபத்தைந்து கையெழுத்து விழுந்தது.

விழாத ஒன்று, நேர் எதிரே இருந்த எல்டன் குவாமின் கையெழுத்து. எல்டனுக்கு எழுபத்தொன்று. நகரத்தின் தெருத் துறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். குளிர்காலத்தில் பனி அள்ளும் லாரி, கோடையில் குழி அடைப்பது. மனைவி இறந்தபிறகு தனியாக இருந்தார். மனுவை வாசலில் நின்றபடியே இரண்டு முறை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"தெரு நல்லாத்தான் இருக்குன்னு எழுதியிருக்கீங்க."

"நல்லாத்தானே இருக்கு?"

"இல்ல. அடியில கெடக்கறது எல்லாம் பழைய மண்குழாய். வேரு புகுந்து பாதி நொறுங்கிப் போச்சு. நானே எத்தனையோ தடவ தோண்டிப் பாத்திருக்கேன். பணம் அநியாயத்துக்கு அதிகம்னு எழுதிட்டு வாங்க, மொதக் கையெழுத்து நான் போடறேன். பொய்க்குப் போட மாட்டேன்."

"முப்பது வருஷம் அவங்க சம்பளத்துல சாப்பிட்டவரு. வேற எப்படிப் பேசுவீங்க?" என்றாள் கார்லா. சொன்னதோடு நிற்காமல், அதையே தெரு முழுக்கவும் சொல்லிக்கொண்டு போனாள்.

அன்றிலிருந்து எல்டனுக்குத் தெருவில் ஆள் இல்லாமல் போயிற்று. ப்ரெஸ்ட்விக்கில் யாரும் யாரையும் வாய்விட்டுத் திட்டுவதில்லை. வண்டியில் எதிரே வரும்போது ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினால் அது வணக்கம். தூக்காவிட்டால் அதைவிடப் பெரிய வசவு கிடையாது. இருபத்தைந்து வீட்டாரும் விரல் தூக்குவதை நிறுத்தினார்கள். கூரை வேலை செய்கிற ராய்ஸ் லிண்டால், தன் பனி ஊதும் இயந்திரத்தின் வாயைத் திருப்பி வைத்துக்கொண்டு, தன் வாசல் பனியையெல்லாம் எல்டனின் வண்டிப்பாதைக்குள்ளேயே ஊதிவிட்டான். எல்டன் மண்வாரியை எடுத்துவந்து அத்தனையையும் அள்ளினார். ஜன்னலிலிருந்து கார்லா அதைப் பார்த்தாள். நன்றாக வேண்டும் என்றுதான் நினைத்தாள்.

மார்ச்சில் நகரமன்றத்திலிருந்து முறையான அறிவிப்பு வந்தது. இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் அவரவர் பெயரும் தொகையும், விசாரணைக் கூட்டத்தின் தேதியும். தன் பெயருக்கு நேரே இருந்த தொகையைப் பார்த்ததுமே கார்லாவுக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. இரண்டாவது பக்கத்தில் பொடி எழுத்தில் சட்டமாக இருந்தது. அதை அவள் படிக்கவில்லை. முதல் பக்கத்தை மட்டும் பள்ளி அலுவலகத்தில் நகல் எடுத்து, மேலே தடித்த பேனாவால் "எல்லோரும் வாருங்கள், சும்மா விடக்கூடாது" என்று எழுதி ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் சொருகினாள்.

கூட்டத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வந்து அவள் காபி போட்டுக்கொண்டிருந்தபோது கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. எல்டன் நின்றார். சர்ச்சுக்குப் போட்ட கோட்டுடனே இருந்தார். கையில் அந்த அறிவிப்பு மடித்து இருந்தது.

"கார்லா, இந்தக் கடுதாசியில ஒரு விஷயம்..."

"மனுவுல கையெழுத்து போட வந்தீங்களா?"

"இல்ல. இது வேற. நீங்க எல்லாருமே..."

"அப்போ எனக்கும் உங்களுக்கும் பேச்சே இல்ல. உங்க எசமான் கிட்டயே போய்ப் பேசுங்க."

கதவைச் சாத்தினாள். அவர் படியில் கொஞ்சநேரம் நின்றது கண்ணாடி வழியே நிழலாகத் தெரிந்தது. பிறகு நிழல் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் உட்கார இடமில்லை. ஆளுக்கு மூன்று நிமிஷம் என்றார் மேயர். கார்லா அந்த மூன்று நிமிஷத்தில் மனதில் இருந்த கணக்கையெல்லாம் தீர்த்தாள். கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. ராய்ஸ் மேயரைப் பார்த்துத் திருடன் என்று சொல்லி மைக்கைப் பறிகொடுத்தான். மருத்துவமனையில் தாதியாக இருக்கிற டேனா ப்ரோக்னவ் பேச ஆரம்பித்து அழுதுவிட்டாள். அவள் அந்த வீட்டைக் கடன் போட்டு வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அன்றைய வேலையை விட்டுவிட்டு, கார்லா கூப்பிட்டாள் என்பதற்காக வந்திருந்தாள்.

எல்டனின் பெயரைக் கூப்பிட்டபோது அவர் மைக் பக்கமே போகவில்லை. எழுத்தர் மேசைக்குப் போய் ஒரு தாளைக் கொடுத்தார். தன் நகலில் முத்திரை போட்டுத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு, திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"என்ன எல்டன், எசமானுக்குக் காதல் கடுதாசியா?" என்றான் ராய்ஸ். கூடம் முழுக்கச் சிரித்தது. கார்லாவும் சிரித்தாள்.

ஐந்து உறுப்பினர்களும் கை தூக்கினார்கள். தீர்மானம் நிறைவேறியது.

அதோடு விடுவதாக இல்லை யாரும். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, ஏப்ரலில் பெரிய ஊரிலிருந்து ஒரு பெண் வக்கீலைப் பிடித்தார்கள். கார்லாவும் ராய்ஸும் டேனாவும் அவர் அலுவலகத்துக்குப் போனார்கள். சாலையால் வீட்டின் விலை எவ்வளவு ஏறுமோ அதற்கு மேல் நகரமன்றம் வாங்க முடியாது என்று வக்கீல் சொன்னார். டாமரக் தெரு வீடுகளின் விலை பதினோராயிரம் ஏறுவதாவது! நல்ல வழக்கு என்றார். மூன்று பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அப்போது அவர் கேட்டார்: கூட்டம் முடிவதற்குள் எத்தனை பேர் ஆட்சேபணையை எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீர்கள்?

மனு கொடுத்தோம் என்றாள் கார்லா. மனு தெரு போடக்கூடாது என்பதற்கு. தொகைக்கு ஆட்சேபணை அது ஆகாது என்றார் வக்கீல். எல்லோரும் பேசினோமே, எல்லாம் பதிவாகியிருக்குமே என்றாள் டேனா. பேசியது கணக்கில் வராது. எழுத்தில் கொடுக்காதவர்களுக்கு நீதிமன்றம் போகிற உரிமை அன்றோடு போய்விட்டது. அவர் அறிவிப்பின் இரண்டாவது பக்கத்தைத் திருப்பி, கீழே பேனாவால் தொட்டுக் காட்டினார். நாலே வரிதான்.

"ஒருத்தர் மட்டும் கொடுத்திருக்கார்," என்றார் தாள்களைப் புரட்டிவிட்டு. "குவாம்னு ஒருத்தர்."

ராய்ஸின் முகம் கறுத்தது. "தெரிஞ்சிருக்கு பாரு. தெரிஞ்சே வாயத் தெறக்காம ஒக்காந்திருந்திருக்கான் பாம்பு."

 கையில் மடித்த காகிதத்தோடு படியில் நின்ற ஆள் கார்லாவின் கண்ணுக்குள் வந்தார். 'நீங்க எல்லாருமே' என்று ஆரம்பித்த பேச்சு எங்கே போயிருக்கும் என்று இப்போது தெரிந்தது. அவள் வாயைத் திறந்தாள். டேனா தன் பையின் வாரைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

அந்த மௌனத்துக்கு ஐந்து மாசம் ஆயுள். மே மாசம் தெருவைத் தோண்டினார்கள். எல்டன் சொன்ன மண்குழாய்கள் ஓட்டாஞ்சல்லியாக மேலே வந்தன. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. எல்டன் தெருக்காரர்களை எல்லாம் கைவிட்டுத் தான் மட்டும் தப்பித்த கதையைத்தான் பேசினார்கள். அவர் வீட்டுத் தபால்பெட்டியை யாரோ இரண்டு தடவை வண்டியால் சாய்த்துவிட்டுப் போனார்கள். கார்லா ஒவ்வொரு நாளும் பேருந்தை எடுக்கும்போது இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பாள். மாலையில் நிறுத்தும்போது, சொன்னால் இனி என்ன மாறப்போகிறது என்று நினைப்பாள்.

செப்டம்பரில், எல்டன் போட்ட வழக்கில், நகரமன்றம் அவரோடு சமாதானத்துக்கு வந்தது. பதினோராயிரம் ஐயாயிரமாகக் குறைந்தது. ஊர்ப் பத்திரிகையில் செய்தி வந்த சனிக்கிழமையே ராய்ஸ் தன் கராஜில் எல்லோரையும் கூட்டினான். பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். காபியும், யாரோ கொண்டுவந்த ஆப்பிள் கேக்கும் இருந்தன. ராய்ஸ் ஒரு தாளை எடுத்து வைத்தான். எல்டனின் பின்பக்கக் கொட்டகை எல்லைக் கோட்டுக்கு இரண்டடி நெருக்கமாக இருக்கிறதாம், அளந்து பார்த்துவிட்டானாம். எல்லோரும் சேர்ந்து புகார் கொடுத்தால் நகரமன்றம் இடிக்கச் சொல்லும். அவர் பிடித்துக்கொண்ட சட்டத்தையே அவருக்குக் காட்டலாம். பேனாவைக் கார்லாவிடம் நீட்டினான். முதல் கையெழுத்து எப்போதும் அவளுடையதுதானே.

கார்லா பேனாவை வாங்கவில்லை.

"அவரு மறைக்கல," என்றாள்.

"யாரு?"

"எல்டன். கூட்டத்துக்கு முந்தின ஞாயித்துக்கெழம சொல்ல வந்தாரு, என் வீட்டுக்கு. கையில அந்தக் காயிதம் இருந்துச்சு. நான்தான் பேச விடாம கதவச் சாத்துனேன்."

 டேனாதான் முதலில் கேட்டாள். "வக்கீல் சொன்னப்பவே உங்களுக்குப் புரிஞ்சிருக்கும்."

"புரிஞ்சுது."

"ஏப்ரல்ல."

"ஆமா."

"அந்த ரெண்டாவது பக்கத்த நீங்க எங்களுக்கு நகல் எடுத்துக் குடுக்கவே இல்ல. எனக்கு வந்ததையும் நான் படிக்கல, அது என் தப்பு. ஆனா ஏப்ரல்ல இருந்து அந்தக் கெழவர நான் பாக்கும்போதெல்லாம் காறித் துப்பணும்போல இருந்துச்சு. என்னைய அப்படி ஆக்கிட்டு, நீங்க என் சமையலறையில ஒக்காந்து காபி குடிச்சீங்க."

கார்லா கையிலிருந்த காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"சரி, இப்ப கையெழுத்து போடறியா இல்லையா?" என்றான் ராய்ஸ்.

"அவரு ஒண்ணும் பண்ணலன்னு இப்பத்தானே சொன்னேன்."

"ஐயாயிரம் கட்டப்போறான். நான் பதினொண்ணு கட்டப்போறேன். ஒண்ணும் பண்ணலன்னா இது என்ன?" தாளை அடுத்த ஆளிடம் தள்ளினான். "நீ கெளம்பு கார்லா. உன் புண்ணியத்துல நாங்க அழுதது போதும்."

அவள் வெளியே வந்தபோது பின்னால் யாரோ சிரித்தார்கள். ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டதாக மறுநாள் தெரிந்தது.

அவள் அங்கிருந்து நேரே எல்டனின் வீட்டுக்குப் போனாள். அவர் கதவைத் திறந்தார். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. புகார் வருகிற விஷயத்தைச் சொன்னாள். பிறகு, எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டதையும் சொன்னாள்.

"எதுக்கு?" என்றார் அவர்.

"உண்மைங்கறதால."

"ஏப்ரல்லயும் அது உண்மைதான்."

 மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தாள். கேட்டும்விட்டாள். அவர் அதைக் கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

"ஒண்ணு சொல்றேன். அன்னைக்கு உங்க படியிலேருந்து எறங்கி, நான் மத்த வீட்டுக்கும் போயிருக்கலாம். இருபத்திநாலு வீடு. அந்தத் தாதிப் பொண்ணு வீடு எனக்கு நாலு வீடு தள்ளித்தான். போகல. பட்டது போதும், கெடந்து சாவட்டும்னு விட்டுட்டேன். அதுக்காக நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்ல. அதனால என்னைய நல்லவன்னு யார்கிட்டயும் சொல்லிட்டுத் திரிய வேணாம்."

நகரமன்றம் முப்பது நாள் கெடு கொடுத்தது. எல்டன் கொட்டகையை இடிக்கவில்லை. காலி செய்து, அடியில் உருளைக் கட்டைகள் வைத்து, நெம்புகோலால் தனி ஆளாக அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். மூன்றாவது நாள் காலைச் சவாரி முடிந்ததும் கார்லா கையுறை போட்டுக்கொண்டு போய்க் கட்டையின் மறுமுனையைப் பிடித்தாள்.

"விடுங்க. விழுந்து கால் ஒடஞ்சா அதுக்கும் நான்தான் காரணம்பாங்க."

"நான் சொல்ல மாட்டேன்."

"நீங்க என்ன சொல்வீங்க, எதச் சொல்ல மாட்டீங்கன்னு எனக்குத் தெரியாதா? விடுங்க."

அவள் விட்டாள். ஐந்தாம் நாள் அதிகாரி வந்து அளந்து பார்த்துவிட்டுப் போனார். கொட்டகை சரியான இடத்தில் நின்றது.

நவம்பரில் டேனா வீட்டை விற்றாள். டுலூத் நகரில் இருக்கிற தங்கையோடு போய் இருக்கப்போகிறாள் என்பது, புல்தரையில் நட்ட விற்பனைப் பலகையைப் பார்த்து விசாரித்த பிறகுதான் கார்லாவுக்குத் தெரிந்தது. சாமான் லாரி வந்த அன்று கார்லா தன் வீட்டு முனையில், புது ஓரக்கல் மேல் நின்றாள். டேனா ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள், அவளைப் பார்த்தாள், பெட்டியை லாரியில் வைத்துவிட்டு அடுத்ததை எடுக்க உள்ளே போனாள். அப்படி ஐந்தாறு தடவை வந்தாள், போனாள். மூன்று மணிக்குப் பள்ளி விடும். கார்லா கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பேருந்தை எடுக்கப் போனாள்.