தலைவருக்குக் குளிரெடுத்த நாள்

ரைமுண்ட் தினமும் காலை ஒன்பது மணிக்குக் கடலுக்குக் காய்ச்சல் பார்ப்பார். கயிற்றில் கட்டிய வெப்பமானியைத் தண்ணீரில் இறக்கி, நிதானமாக நூறு வரை எண்ணி, தூக்கிப் பார்த்து, கழகத்தின் கரும்பலகையில் சாக்கட்டியால் எழுதுவார். ‘தண்ணீர் இரண்டு டிகிரி. காற்று மைனஸ் நான்கு. இப்படிக்கு, தலைவர் ரைமுண்ட்.’ அவர் கையெழுத்து விழுந்த பிறகுதான் அலை அடிக்கவே ஆரம்பிக்கும் என்பதுபோல, பெயர் மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கும்.

மெவினோ ஊருக்குக் குளிர்காலம்தான் உண்மையான பருவம் என்பது அவருடைய கட்சி. கோடையில் வருகிறவர்கள் மணலில் துண்டை விரித்து, சிவக்கச் சிவக்கத் தூங்கிவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும்? பிப்ரவரியில் வந்து பார்க்க வேண்டும். மணல்மேல் பனி. அலையைத் தடுக்க நட்ட மரக்கட்டைகள் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கண்ணாடித் தொப்பி. வடக்கே எங்கிருந்தோ வந்திறங்கிய நீண்ட வால் வாத்துகள் ஓயாமல் ஏதோ வழக்குப் பேசிக்கொண்டிருக்கும். நலவாழ்வு விடுதியில் தங்கியிருக்கும் நோயாளிகள், மருத்துவர் எழுதிக்கொடுத்த கடற்காற்றை வேளைக்கு ஒரு மணிநேரம் என்று மருந்துபோல உள்ளே இழுத்தபடி வரிசையாக நடப்பார்கள்.

இத்தனை அழகையும் கட்டிக் காக்கிற பொறுப்பை வால்ரஸ் கழகம் தானாகவே தோளில் போட்டுக்கொண்டிருந்தது. பனிக்காலத்தில் கடலில் இறங்கிக் குளிக்கிறவர்கள் அந்த நாட்டில் தங்களை, பனிக்கடலில் வாழும் தந்தப் பிராணியின் பெயரால், வால்ரஸ் என்றுதான் அழைத்துக்கொள்வார்கள். மெவினோ கழகத்தில் நாற்பது வால்ரஸ்கள். கம்பளித் தொப்பியும் நீச்சலுடையுமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் கத்திக்கொண்டே தண்ணீருக்குள் ஓடுவார்கள். ‘குளிர் உடம்பில் இல்லை, மனத்தில் இருக்கிறது’ என்பது தலைவர் அருளிய வாசகம். கழகத்துச் சட்டையிலும் தேநீர்க் கோப்பையிலும் அதை அச்சடித்திருந்தார்கள்.

இப்படி அருளியவர் பணி ஓய்வு பெறும்வரை முப்பது வருடம், வீடுகளுக்குக் குழாயில் வெந்நீர் அனுப்பும் நகரத்து நிலையத்தில் மேற்பார்வையாளராக இருந்தவர். கடந்த மூன்று குளிர்காலமாக அவர் முழங்காலுக்குமேல் நனையவில்லை. விசில் ஊதுவது, நேரம் பார்ப்பது, புதியவர்களுக்கு அறிவுரை சொல்வது என்று கரையிலேயே வேலை நெட்டி முறிந்தது. கத்திக்கொண்டு ஓடுகிற ஆரவாரத்தில் இதைக் கவனித்தது அவர் மனைவி தெக்லா மட்டும்தான். அவளும் வெளியே சொன்னதில்லை. வீட்டில் மட்டும், குளியலறையிலிருந்து ஆவி பறக்க வெளியே வருகிற மனிதரை, “வாங்க, வால்ரஸ்” என்று கூப்பிடுவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கழகத்துக்குப் பத்தாம் ஆண்டு விழா. பன்னிரண்டு மணிக்குக் கூட்டுக் குளியல். நகரமன்ற உறுப்பினர் கோர்னெல் பேசுவார், மாவட்டத் தொலைக்காட்சி படம் எடுக்கும். மாலையில் தலைவர் தேர்தல். காலையில் வெப்பமானியோடு வந்த ரைமுண்ட், மேடை போடக் குச்சி நட்டுவைத்த இடத்தில், மணல்மேட்டு வேலியை ஒட்டி, வெள்ளையாக ஒரு மூட்டை கிடப்பதைப் பார்த்தார். மூட்டை தும்மியது.

கடல்நாய்க் குட்டி. உடம்பெல்லாம் பால் நிறத்தில் புசுபுசுவென்ற முடி. முகத்திலும் துடுப்புகளிலும் மட்டும் அந்த முடி உதிர்ந்து, உள்ளேயிருந்து சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தது. கறுப்புக் கண் இரண்டும் ஈரமாக இருந்தன. ரைமுண்ட் அறுபத்தெட்டு வயதில் முதல்முறையாக ஒரு கடல்நாயை இவ்வளவு அருகில் பார்க்கிறார். பதவியெல்லாம் அந்த நிமிடம் மறந்துபோயிற்று. குந்தி உட்கார்ந்தார். மீசையை எண்ணப் பார்த்தார். மூக்கு ஒவ்வொரு மூச்சுக்கும் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்தார். இன்னும் ஒரு அடி நகர்ந்து, தன் முகமும் குட்டி முகமும் சேர்ந்து விழும்படி ஒரு படம் எடுத்துக்கொண்டார். குட்டி சீறியது. பயத்தில் சீறுகிறது என்று அவருக்குத் தோன்றவில்லை. தன்னிடம் ஏதோ முறையிடுவதாகப் பட்டது.

பிறகு பதவி திரும்ப வந்துவிட்டது. மேடை இங்கே, குட்டியும் இங்கே. தவிர, கடலில் இருக்க வேண்டிய பிராணி கரையில் காய்ந்துகொண்டு கிடக்கிறதே, பாவம் அல்லவா? கொஞ்சம் நனைத்துவிட்டால் தெம்பு வந்து தானாகவே தண்ணீருக்குப் போய்விடும். கருணையும் மேடையும் ஒரே திசையைக் காட்டினால் மனிதன் யோசிப்பதில்லை. கழகத்து வாளியில் கடல் தண்ணீரை மொண்டுவந்து தலையிலிருந்து ஊற்றினார். குட்டி சுருண்டது. ஒரு வாளி போதவில்லை என்று நினைத்து இன்னொன்றும் ஊற்றினார். அது போகவில்லை. இருந்த இடத்திலேயே முகத்தைத் துடுப்புக்குள் புதைத்துக்கொண்டது.

பத்து மணிக்குள் ஊர் கூடிவிட்டது. விடுதிக்காரர்கள் மருந்துக்காற்றை மறந்து அரைவட்டமாக நின்றார்கள். ஒரு அம்மாள் கைப்பையிலிருந்து வெண்ணெய் தடவிய ரொட்டியை எடுத்து வீசினாள். இன்னொருவர் புகைபோட்ட மீன் வாங்கி வந்தார். இது இறந்துகொண்டிருக்கிறது என்றார் ஒருவர். இல்லை, அழுகிறது என்றார் இன்னொருவர். யாரோ தன் பேத்தியைப் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுக்க, எல்லோருக்கும் அந்த யோசனை பிடித்துப்போயிற்று.

அப்போதுதான் ஒத்திலியா வந்தாள். வார நாளில் பல் மருத்துவமனையில் செயற்கைப் பல் செய்கிறவள். விடுமுறை நாளில் கடல்நாய்களைக் கண்காணிக்கும் தொண்டர் குழுவில் ஒருத்தி. கையில் குச்சிகள், சிவப்பு வெள்ளை நாடா. யாரையும் திட்டவில்லை. எல்லோரையும் ஐம்பது அடி பின்னால் போகச் சொல்லி நாடா கட்டிவிட்டு, தொலைநோக்கியால் குட்டியை வெகுநேரம் பார்த்தாள். பிறகு கூட்டத்துக்கு விளக்கினாள். தாய் பாலை மறக்கடித்துவிட்டுப் போயிருக்கும். வெள்ளை முடி உதிரும்வரை கரையில் சும்மா படுத்துக் கிடப்பதுதான் இந்தக் குட்டியின் வேலை. அந்த முடி காய்ந்திருந்தால் போர்வை, நனைந்தால் ஈரச் சாக்கு.

“இது நனஞ்சிருக்கு. அலை இவ்ளோ தூரம் வராது. யாராவது தண்ணி ஊத்துனீங்களா?” என்று கேட்டாள். “சண்டை போடக் கேக்கல. கடல்நாய்க் காப்பகத்துல வண்டி ஒண்ணுதான் இருக்கு. நாப்பது கிலோமீட்டர் தள்ளி இன்னொரு குட்டி வலையில சிக்கிக் கெடக்குதாம். இது பனி பட்டு மேலாக நனஞ்சதுன்னா காஞ்சிடும், வண்டி அங்க போகட்டும். ஊத்துனதுன்னா தோல் வரைக்கும் ஊறியிருக்கும், அப்ப இதுக்குத்தான் அவசரம். எப்ப, எவ்ளோன்னு தெரிஞ்சா போதும்.”

ரொட்டி வீசிய அம்மாள் கைப்பையை மூடிக்கொண்டாள். ரைமுண்ட் கடலைப் பார்த்தார். மாலையில் தேர்தல். எதிர்த்துப் போட்டியிடுவது கழகப் பொருளாளர், ஒவ்வொரு ஞாயிறும் கழுத்துவரை இறங்குகிற மனிதன். இயற்கையைக் காக்கிற கழகத்தின் தலைவர் ஒரு பச்சைக் குட்டிக்கு ஐஸ் தண்ணீர் அபிஷேகம் செய்தார் என்று வெளியே வந்தால் என்ன ஆகும்? மேலும், அவருக்கு உள்ளூர ஒரு சமாதானம் இருந்தது. கடலில் பிறந்ததற்குக் குளிராவது, ஒன்றாவது.

பதில் வராததால் ஒத்திலியா தொலைபேசியில் வண்டியை அந்தப் பக்கம் அனுப்பச் சொல்லிவிட்டாள்.

விழா மேடை நூறு அடி தள்ளிப் போயிற்று. பன்னிரண்டுக்கு ஊத ரைமுண்ட் விசிலை வாயில் வைத்தபோது, தொலைக்காட்சிக்காரர் வந்து, தலைவர்தான் முன்னால் இறங்க வேண்டும், கழுத்துவரை, அப்போதுதான் படம் எடுபடும் என்றார். நாற்பது வால்ரஸ்களும் கைதட்டினார்கள். பொருளாளர் கொஞ்சம் அதிகமாகவே தட்டினார். தெக்லா கம்பளித் துண்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, “நெசமாவா போறீங்க?” என்று மெதுவாகக் கேட்டாள். அதற்குள் அவர் சட்டையைக் கழற்றியிருந்தார்.

முழங்கால்வரை பழகிய இடம். இடுப்புக்கு வந்தபோது மூச்சு பாதியில் நின்றது. கழுத்துக்கு வந்தபோது, இத்தனை நாள் மனத்தில் இருப்பதாக அவர் சொல்லிவந்த குளிர், ஒவ்வொரு எலும்பிலும் தனித்தனியாகக் கதவைத் தட்டிக்கொண்டு நுழைந்தது. எப்படியோ சிரித்தபடி வெளியே வந்தார்.

“தலைவரே, சரியா விழல, இன்னொரு தரம்” என்றார் தொலைக்காட்சிக்காரர்.

இன்னொரு தரம் முங்கி எழுந்தார். கரையேறியதும் துண்டை நோக்கித்தான் நடந்தார். நடக்கவிட்டால்தானே? கோர்னெல் அவர் தோளில் கையுறைக் கையைப் போட்டு நிறுத்தி, இந்த மண்ணின் வீரம் என்று தொடங்கினார். வீரம் முடிந்து வரலாறு வந்தது, வரலாறு முடிந்து நகரமன்றத்தின் சாதனைகள் வந்தன. காற்று முதுகில் அறைந்தது. சுற்றிலும் அரைவட்டம். எல்லோர் கையிலும் கைபேசி. ஒரு விடுதிக்கார அம்மாள் பக்கத்தில் வந்து ஒட்டி நின்று படம் எடுத்துக்கொண்டாள். “பாருங்க, எப்படி நடுங்குறாரு. செல்லம்” என்று யாரோ ரசித்தார்கள். தெக்லா கூட்டத்துக்குப் பின்னால் துண்டோடு எம்பி எம்பிப் பார்த்தாள், வழி கிடைக்கவில்லை. அத்தனை பேரும் அவர்மேல் பிரியமாகத்தான் இருந்தார்கள். ஒருவருக்குக்கூட நகர்ந்து நிற்கத் தோன்றவில்லை.

பேசப் பல் ஒத்துழைக்கவில்லை. திட்ட நினைத்தார், தொண்டையிலிருந்து ஒரு சீறல் மட்டும் வந்தது. அந்தச் சத்தத்தைக் காலையில்தான் கேட்டிருந்தார்.

கோர்னெலின் கையை உதறினார். கூட்டத்தைத் தோளால் பிளந்துகொண்டு, நீச்சலுடையும் கம்பளித் தொப்பியுமாக நாடாவை நோக்கி ஓடினார். தெக்லா பின்னாலேயே ஓடினாள். விழாவின் அடுத்த அம்சம் என்று நினைத்துக் கூட்டமும் ஓடியது. தொலைக்காட்சிக்காரர் கேமராவைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினார்.

“ரெண்டு வாளி” என்றார் ரைமுண்ட், ஒத்திலியாவிடம். “ஒம்பதே கால் மணி. தலையிலேருந்து. நான்தாம்மா ஊத்துனேன்.”

கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு இன்னொரு தரமும் சொன்னார், இந்தமுறை பின்னால் நின்ற பொருளாளருக்கும் கேட்கிற மாதிரி. “எடம் காலியாகணும்னும் ஊத்துனேன். அதுக்கு நல்லதுன்னும் நெனச்சேன். காலைலயே நீ கேட்டப்ப பேசாம நின்னேன் பாரு, அதுதான் பெரிய தப்பு.”

ஒத்திலியா அவரை ஒரு கணம் பார்த்தாள். அதற்குமேல் அவருக்குச் செலவழிக்க அவளிடம் நேரமில்லை. தொலைபேசியில் வேகமாகப் பேசினாள். அங்கே குட்டியை வலையிலிருந்து எடுத்துவிட்டார்கள், காயமில்லை, வண்டி கிளம்பி வருகிறது, ஒரு மணிநேரம் ஆகும். “அதுவரைக்கும் இது தண்ணிக்குள்ள போயிடக் கூடாது. ஜனம் நெருங்குனா பயந்து போயிடும். எனக்கு ஆள் வேணும், ஐயா. ஆனா வேடிக்கை பாக்கற ஆள் வேணாம்” என்றாள்.

தெக்லா துண்டையும் அவர் கோட்டையும் அவர்மேல் போர்த்தினாள். அதற்குள்ளிருந்தே ரைமுண்ட் விசில் ஊதினார். நாற்பது வால்ரஸ்களும் உடுப்பை மாட்டிக்கொண்டு நாடாவை ஒட்டி வரிசையாக நின்றார்கள், குட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. ஒரு மணிநேரம் ஊரையே தடுத்து நிறுத்தினார்கள். நெருங்கி வந்தவர்களுக்கு வாய் வலிக்கப் பதில் சொன்னார்கள். பத்து வருடத்தில் கழகம் செய்த முதல் உருப்படியான காரியம் அது, அதில் ஒருவர்கூட நனையவில்லை. ரைமுண்டுக்குத்தான் கழுத்து நமநமவென்று அரித்தது. மூச்சு விடுகிறதா, கண் திறந்ததா என்று திரும்பிப் பார்க்க ஒவ்வொரு நிமிடமும் ஆசை எழுந்தது. திரும்பவில்லை. “இப்ப எப்படி இருக்கு?” என்று மட்டும் ஒத்திலியாவைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அவளும் சலிக்காமல் சொன்னாள்.

வண்டி வந்து, குட்டியை ஒரு பெட்டியில் வைத்துக் கொண்டுபோனது. இன்னும் ஒரு மணிநேரம் போயிருந்தால் கஷ்டம் என்று காப்பகத்து மருத்துவர் சொன்னதாக இரவு செய்தி வந்தது. மூன்றாம் நாள் அது மீன் சாப்பிட்டது. தேர்தலில் பொருளாளர் ஜெயித்தார். மாவட்டத் தொலைக்காட்சி வாளிக் கதையை மூன்று முறை ஒளிபரப்பியது. கோர்னெலின் உரையை ஒருமுறைகூட இல்லை.

மார்ச் தொடக்கத்தில் பெரிய கடல்நாய் ஒன்று கரையேறி, பனி கரைந்த மணலில் வெயில் காய்ந்தது. ஒத்திலியா கொடுத்த தொண்டர் மேலங்கியோடும் தொலைநோக்கியோடும் ரைமுண்ட் காவலுக்கு நின்றார். விடுதிக்குப் புதிதாக வந்த ஒரு பெண் கைபேசியைத் தூக்கிக்கொண்டு நெருங்கினாள். கடல்நாய் தலையை உயர்த்தியது. எவ்வளவு கிட்டப் போகலாம், ஏதாவது கணக்கு இருக்கிறதா என்று அவள் கேட்டாள்.

“பின்னால போங்கம்மா” என்றார் ரைமுண்ட். “இன்னும். இன்னும் கொஞ்சம்.”

அவள் ஒவ்வொரு அடியாகப் பின்வாங்கினாள். ஓரிடத்துக்கு வந்ததும் கடல்நாய் ஒரு பெருமூச்சு விட்டு, தலையை மறுபடி மணலில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

“அங்கயே நில்லுங்க. அதுதான் கணக்கு” என்றார் அவர், தொலைநோக்கியை அவளிடம் நீட்டியபடி. “அது நம்மளப் பாக்க ஆரம்பிச்சுட்டா நாம அதுக்கு எடைஞ்சல். நம்மள மறந்துட்டுத் தூங்குது பாருங்க, அவ்ளோ தள்ளி நிக்கறவங்களுக்குத்தான் இந்தக் கடல் மேல ஆசை இருக்குன்னு சொல்லிக்க உரிமை உண்டு.”