சஹனில் முதல் கை

எத்தாளை ஊர் முத்தலிபின் மூத்த மகள் கமறியாவைக் கட்டி, அந்தப் பக்கத்து வழக்கப்படி பெண் வீட்டோடு வந்து குடியேறினவன் ஜபார். பிறந்த வீட்டை விட்டாயிற்று, தகப்பனும் மௌத்தாகி மண்ணுக்குப் போய்விட்டார். மாமனார் வைத்த மரியாதைதான் அவனுடைய முழு ஆஸ்தியும். சோற்றைக் குவித்த பெரிய தட்டை, அதுதான் சஹனை, நடுவில் வைத்து ஆண்கள் சுற்றி உட்கார்ந்ததும் முத்தலிபு அவனைப் பார்த்துச் சொல்வார்: "பிஸ்மி சொல்லிக் கைய வைங்க மருமகன்." அவன் கை வைத்த பிறகுதான் மற்றவர்கள் வைப்பார்கள். இந்த வீட்டில் நீ யார் என்று எவனாவது கேட்டால், அந்த ஒரு சொல் போதும்.

அந்தச் சொல்லுக்குத்தான் மோசம் வந்தது. இளையவள் ஜெமீலாவைக் கட்டிக்கொண்டு தாஹிர் வந்தான். புத்தளத்து அரசாங்கக் கச்சேரியில் கிளார்க்கு. காலில் சப்பாத்து, கையில் மணிக்கூடு. வந்த நாளே சஹனில் முதல் கை அவனுக்குப் போய்விட்டது. புது மாப்பிள்ளைதானே, கொஞ்ச நாளைக்கு என்று கமறியா புருஷனைத் தேற்றினாள். அந்தக் கொஞ்ச நாள் பெருநாளைத் தாண்டியும் முடியவில்லை. ஜபாருக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? அவனும் மனிதன்தானே.

உலகப் பெரிய சண்டை முடிந்த அடுத்த வருஷம், மாரி மழை ஓய்ந்த கையோடு, வில்பத்துக் காட்டுக்குள் தண்ணீர் விழுகிற இடத்தைப் பார்த்துவிட்டு வருவோம் என்று கிளப்பியவனும் தாஹிர்தான். அரசாங்கம் காவல் போட்ட காடு அது, அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது. தாஹிர் தன் கச்சேரித் துரையிடம் ஒரு வார்த்தை சொன்னான், அனுமதி கிடைத்துவிட்டது. முத்தலிபு வருகிறவன் போகிறவனிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தார். தென்னந்தோட்டத்தையும் கருவாட்டுக் கொட்டிலையும் வருஷக் கணக்காகக் கட்டி மேய்க்கிறானே ஜபார், அதை ஒருநாளாவது யாரிடமாவது சொல்லியிருப்பாரா?

எலுவன்குளத்தில் மாட்டு வண்டியை விட்டுவிட்டுக் குடும்பமாக நடந்தார்கள். அரிசி மூட்டை, சட்டி, சஹன் எல்லாம் ஜபாரின் தலையில். யாரும் சுமக்கச் சொல்லவில்லை. மாமனார் ஒருதரம் திரும்பிப் பார்ப்பார் என்றுதான் தூக்கினான். அவரோ முள்ளை ஒதுக்கி ஒதுக்கித் தாஹிருக்கு வழிவிட்டுக்கொண்டு போனார்.

"பாத்து வாங்க மருமகன், சப்பாத்து சேறாகிடும்."

மருமகன் என்றதும் ஜபார் தலையை நிமிர்த்தினான். அது அவனுக்கு இல்லை.

"நான் வெறுங்காலோட நடக்கிறன். உங்கட வாப்பாக்கு அவர்ட சப்பாத்துதான் கவல," என்றான் கமறியாவிடம்.

"மெதுவாக் கதைங்க. வாப்பாக்குக் கேக்கும்."

"கேக்கட்டும்," என்றான். அதையும் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னான்.

அப்படியொன்றும் பெரிய அருவி இல்லை. ஆறு ஒரு கரும்பாறையில் ஏறி, இரண்டாள் உயரத்திலிருந்து விழுந்தது. ஆனாலும் கடற்கரை மணலில் வளர்ந்தவர்களுக்கு அது போதும். பெண்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். ஜபார் கால் கழுவ இறங்கினான். ஓரத்துப் பாறை முழுக்கப் பாசி. சறுக்கி விழப்போனவன் ஒரு வேரைப் பிடித்துத் தப்பினான்.

பெண்கள் சோற்றை இறக்கும்போது லுஹர் தொழுகை நேரமாகிவிட்டது. முத்தலிபு கை கால் முகம் கழுவி ஒளு எடுக்கத் தண்ணீர் கேட்டார். அவருக்குத் தண்ணீர் வார்ப்பது எப்போதும் ஜபார்தான். அவன் எழும்புவதற்குள் தாஹிர் கேத்தலைத் தூக்கிக்கொண்டான்.

"நீங்க இரிங்க நானா, நான் போறன்," என்றான். அண்ணன் முறைக்கு அந்தப் பக்கத்தில் நானா.

போனவன் நேரே அந்தப் பாசிப் பாறையை நோக்கித்தான் போனான். அங்கால போகாதீங்க தம்பி என்று சொல்ல ஜபார் வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்துத்தானா முத்தலிபு பேச வேண்டும்?

"எவ்வளவு தங்கமான புள்ள, பாத்தீங்களா?"

ஜபார் வாயை மூடிக்கொண்டான். விழட்டும். ஒருதரம் விழுந்து, உடம்பெல்லாம் சேறு பூசிக்கொண்டு வரட்டும் துரை. இவ்வளவுதான் நினைத்தான். அதற்கு மேல் நினைக்கவில்லை என்பது அல்லாஹ்வுக்குத் தெரியும்.

ஆனால் சறுக்கி விழுந்த தாஹிர் சேற்றோடு தப்பவில்லை. வலக்கை பாறையில் அடிபட்டு, மணிக்கட்டு அந்த நிமிஷமே வீங்கிவிட்டது. பாய்ந்து போய்த் தூக்கியவன் ஜபார்தான். ஜெமீலா அழுதுகொண்டே துணியைக் கிழித்துக் கட்டினாள்.

தொழுதுவிட்டு ஆண்கள் மூவரும் சஹனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். இடக்கையால் சோற்றைத் தொடுவது அவர்களிடம் இல்லை. ஊட்டிவிட ஜெமீலாவுக்கு ஆசைதான். தகப்பன் முன்னால் வெட்கப்பட்டுப் பெண்கள் பக்கமே நின்றாள். முத்தலிபு மூத்த மருமகனைப் பார்த்தார்.

"பிஸ்மி சொல்லிக் கைய வைங்க மருமகன்."

எத்தனை மாதத்துக்குப் பிறகு! ஜபாருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பிஸ்மி சொல்லிக் கையை வைத்தான். முத்தலிபு நல்ல இறைச்சித் துண்டுகளாகப் பார்த்து அவன் பக்கம் தள்ளினார்.

"இது தம்பிக்கு. முதல் புடிய அவருக்கு ஊட்டுங்க. அவருக்கு இப்ப உங்கட கைதானே கை."

நிறைந்த நெஞ்சு அப்படியே வற்றிப்போனது. ஜபார் பல்லைக் கடித்துக்கொண்டு சோற்றைப் பிசைந்து, உருட்டி, சகலனுடைய வாயில் வைத்தான். தாஹிர் அமைதியாக மென்றான். முத்தலிபு இன்னும் கொஞ்சம் கறி ஆணம் கேட்டுப் பெண்கள் பக்கம் திரும்பியதும், அவன் ஜபாரின் காதோரம் சாய்ந்தான்.

"நானா, தண்ணிக்குப் போகக்குள்ள நான் திரும்பிப் பாத்தன். நீங்க ஏதோ சொல்ல வாயத் திறந்தீங்க. பொறகு மூடிட்டீங்க."

ஜபார் குனிந்து சோற்றைப் பிசைந்தான்.

"மாமாட்டச் சொல்லல்ல. சொல்லவும் மாட்டன்," என்றான் தாஹிர். சொல்லிவிட்டு அடுத்த பிடிக்கு வாயைத் திறந்தான்.

ஜபார் ஊட்டினான். கண் கலங்கியது, மனம் திருந்தினான் என்றெல்லாம் சொன்னால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். அது பொய். அவனுக்கு அப்போதும் எரிந்தது, முன்னைவிடக் கூடுதலாகவே எரிந்தது. மாமனாரையும் சஹனையும் பறித்துக்கொண்டது போதாதென்று, பெரிய மனசுக்காரன் என்ற பெயரையும் இவனே எடுத்துக்கொண்டானே.