சாதுவான கிருமி

டைபஸ் காய்ச்சலில் செத்துப்போன ஒரு வண்டிக்காரனின் ரத்தத்திலிருந்து எங்கள் ஆய்வுக்கூடத்துப் பெரிய டாக்டர் எடுத்த கிருமி, பதினான்கு கினிப்பன்றிகளைப் படுக்கவைத்த பிறகு திடீரென்று திருந்திவிட்டது. அவர் அப்படித்தான் சொன்னார். காய்ச்சல் கண்ட பன்றியின் மூளையை அரைத்து அடுத்ததற்கு ஊசி போடுவோம். அதற்கும் காய்ச்சல் வந்ததும் அதிலிருந்து இன்னொன்றுக்கு. காலையும் மாலையும் ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் தெர்மாமீட்டர் வைத்துச் சூட்டைக் குறிப்பது என் வேலை. பதினான்காவது பன்றிவரை நாற்பதரை டிகிரிக்கு மேல் கொதித்தது. பதினைந்தாவதிலிருந்து நாற்பதைத் தொடவே இல்லை.

பெரிய டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியாம்மா, நம்ம கையில பழகிப் பழகி எப்படிச் சாதுவாயிடுச்சு" என்றார். நோயில்லாத பன்றிகளுக்கும் ஒரு டிகிரி குறைந்திருப்பதைக் காட்டினேன். "மழைக்காலம் இல்லையா" என்றார். கூண்டு அறையில் கணப்பு எரிந்துகொண்டிருந்தது. ஊசி போட்ட பன்றிகளோ முன்போலவே மயிர் சிலிர்த்து மூலையில் சுருண்டு கிடந்தன. அவர் பன்றிகளைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு என் குறிப்பேட்டை மட்டும் பார்த்துக் கட்டுரை எழுதி அனுப்பிவிட்டார்.

அதோடு விட்டாரா? சாதுவான கிருமியை உயிரோடு மனிதனுக்குப் போட்டால் காய்ச்சல் லேசாக வந்துபோகும், பிறகு ஆயுசுக்கும் டைபஸ் அண்டாது என்று முடிவுகட்டினார். முதல் ஊசிக்கு என் வீட்டுக்காரரைப் பிடித்தார். அங்கேயே கூண்டு கழுவித் தீனி வைப்பவர் அவர். திங்கட்கிழமை ஊசி, பிறகு வேலை நிரந்தரம். மனுஷன் தலையாட்டிவிட்டு வந்திருந்தார்.

"பதினஞ்சாவது பன்னிக்கு அப்படி என்னதாங்க ஆச்சு?" என்று வீட்டில் புலம்பினேன்.

சட்டையை மடித்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "பன்னிக்கு ஒண்ணும் ஆகல. அன்னிக்குத் தெர்மாமீட்டர் என் கைதவறி விழுந்துடுச்சு. தெருவுல கடை பரப்பியிருந்தவன்கிட்ட அதே மாதிரி ஒண்ணு வாங்கி வச்சிட்டேன்."

"அதைச் சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

"சொன்னா வேலை போயிடும்."

"சொல்லலேன்னா உயிரு போயிடும்."

"சாதுவாயிடுச்சுன்னு அவரே சொல்றாரே."

இரண்டு கெட்டிக்காரர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை, கீழ்த்தள மருத்துவமனை நர்ஸிடம் நல்ல தெர்மாமீட்டர் ஒன்றை இரவல் வாங்கினேன். "திங்கட்கிழமைக்கு ஒத்திகை பாத்துக்கிறேன் ஐயா, கையத் தூக்குங்க" என்று பெரிய டாக்டரின் வலது அக்குளில் அதையும் இடது அக்குளில் எங்களுடையதையும் வைத்தேன். வலது முப்பத்தாறே முக்கால். இடது முப்பத்தைந்தே முக்கால்.

இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார். "எனக்கு இடது பக்கம் எப்பவுமே கொஞ்சம் குளிர்ச்சி" என்றார்.

இரண்டையும் இடம் மாற்றி வைத்தேன். இப்போது வலது பக்கம் குளிர்ந்துவிட்டது.

"கிருமி திருந்தல ஐயா. வண்டிக்காரரைக் கொன்னதேதான் இது. சந்தேகமா இருந்தா முதல் ஊசிய உங்களுக்கே போட்டுப் பாத்துடலாம்" என்றேன்.

அவர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டார். "இந்தத் தெர்மாமீட்டரை யாரு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றார். யார் மாற்றியது என்று விசாரித்தால் மாறியது தெர்மாமீட்டர் என்றாகிவிடும். கட்டுரையோ மாறியது கிருமி என்கிறது. மீதிக் கேள்வியை அப்படியே விழுங்கிவிட்டார்.

ஊசி தள்ளிவைக்கப்பட்டது. புதுத் தெர்மாமீட்டர் வந்தது. அடுத்த பன்றி நாற்பத்தொன்றில் கொதித்தது. இரண்டே மாதத்தில் இன்னொரு கட்டுரை அச்சாயிற்று, சாதுவான கிருமி மறுபடி மூர்க்கமான அதிசயத்தைப் பற்றி. எங்கெங்கிருந்தோ பாராட்டுக் கடிதங்கள் குவிந்தன. இரண்டு கட்டுரையிலும் வண்டிக்காரனைப் பற்றி ஒரு வரி இல்லை.

வீட்டுக்காரருக்கு வேலை நிரந்தரமாகவில்லை. ஆனால் உயிரோடு இருக்கிறார், நான் திட்டும்போதெல்லாம் எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறார். அதுவே எனக்குப் பெரிய நிம்மதி. ஒருநாள் மட்டும் திருப்பிக் கேட்டார்.

"பெரிய டாக்டர் அக்குள்ல வக்கிறதுக்கு முன்னாடி அந்தத் தெர்மாமீட்டரைக் கழுவினியா?"

"நர்ஸோடதைக் கழுவினேன்" என்றேன்.