கடைசி பெஞ்சில் தங்கிய சமாதானம்

வங்காளத்தின் பவானிபூர் தமிழ்ச் சபையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வனஜாவின் கையில் கொடுக்கப்பட்ட சமாதானம், ஆராதனை முடிந்து, மின்விசிறிகள் நின்று, ஐயர் அங்கியைக் கழற்றிவிட்டு டீ குடிக்கப் போன பிறகும் அவள் கையை விட்டுப் போகவில்லை. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் சூடு இருந்தது, துணியிலிருந்து அப்போதுதான் எடுத்த இட்லியின் சூடு. கொஞ்சம் கனமும் இருந்தது. அன்று மார்க்கெட்டில் கட்லா மீன் வழக்கமான விலைக்குத்தான் போனது, மெட்ரோவில் கூட்டம் சுமார். வேறு விசேஷம் எதுவும் ஊரில் இல்லை.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்ல வேண்டும். இந்தச் சபையில் திருவிருந்துக்கு முன்னால் சமாதானம் கொடுக்கிற வழக்கம் உண்டு. ஐயர் பீடத்திலிருந்து இறங்கி வந்து, முதல் ஆளின் கையைத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்து, "தேவ சமாதானம் உங்களோடிருப்பதாக" என்பார். (திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவர்கள் பாதிரியாரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள், பூணூலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) வாங்கியவர் அடுத்தவருக்கு, அவர் அதற்கடுத்தவருக்கு என்று பெஞ்சு பெஞ்சாக அது பின்னால் போகும். முதல் ஆள் யார் என்பதில் ஒரு காலத்தில் பெரிய தகராறு நடந்து, இரண்டு குடும்பங்கள் வேறு சபைக்கே போய்விட்டன. கடைசியில் கௌரவச் செயலாளரே முதல் ஆள் என்று தீர்மானமாயிற்று. கடைசி ஆள் வாங்கியதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதைப் பற்றி மட்டும் ஒரு கமிட்டியும் பேசியதில்லை. பேசத் தேவையும் இருக்கவில்லை. அப்போதெல்லாம் கடைசி பெஞ்சு என்பது ஒரு கும்பல். பிந்தி வந்தவர்கள், அழுகிற பிள்ளையை வைத்திருப்பவர்கள், பிரசங்கத்துக்கு நடுவில் வெற்றிலை போடப் போகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் நிற்பார்கள். வந்த சமாதானம் அந்த நெரிசலில் எங்கேயோ செலவாகிவிடும்.

பிறகு பெரியவர்கள் காலமானார்கள். பிள்ளைகள் பெங்களூருக்கும் கனடாவுக்கும் போனார்கள். ஐ.டி. வேலைக்குப் புதிதாக வந்த தமிழ்ப் பிள்ளைகள் கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை, அசன விருந்தின் ஆட்டுக்கறிக் குழம்புக்கு ஒரு தடவை தலைகாட்டி, போட்டோ எடுத்துக்கொண்டு மறைந்தார்கள். பெஞ்சுகள் பின்னாலிருந்து காலியாகிக்கொண்டே வந்து, கடைசியில் வனஜா ஒருத்தி மிஞ்சினாள். அவள் முன்னால் வந்து உட்கார முடியாது. மணிக் கயிறு பின்னால்தான் இருக்கிறது. மணி அடிப்பது, லேக் மார்க்கெட்டில் சம்பங்கி வாங்கி வந்து பூச்சாடியில் வைப்பது, பீடத்துணி துவைப்பது, திருவிருந்துக் கிண்ணங்களைக் கழுவித் துடைத்து அடுக்குவது எல்லாம் அவள்தான். சபையின் ஆண்டறிக்கையில் இன்னின்னாருக்கு நன்றி என்று ஒரு பக்கம் முழுக்கப் பெயர் போட்டு, முடிவில் "மற்றும் பலர்" என்று வரும். அந்தப் பலர் வனஜா.

ஐம்பதைத் தாண்டியவள், திருநெல்வேலிச் சீமை நாசரேத்காரி. கட்டிக்கொண்டு வந்த ரயில்வேக்காரர் சாந்த்ராகாச்சி யார்டில் வேலை பார்த்து, ஓய்வுபெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் மாரடைப்பில் போய்விட்டார். மகள் சங்கவி கனடாவில். வனஜா ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறாள். முன்பு ஃபைலை ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்குவார்கள், இப்போது அதுவும் கம்ப்யூட்டருக்குள்ளேயே நகர்கிறது. அங்கே அவள் விரலைத் தொடுவது வாசலில் இருக்கும் வருகைப்பதிவு எந்திரம் ஒன்றுதான். ஆகவே ஞாயிறு காலை முன் பெஞ்சு சுலோசனா அக்கா, மூட்டு வலியோடு முனகிக்கொண்டே திரும்பி, முரட்டுத்தனமான தன் இரண்டு கைகளாலும் வனஜாவின் கையைப் பொத்துவாளே, அது ஒன்றுதான் வாரத்தில் வனஜாவின் மேல் படுகிற மனுஷக் கை. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லிக்கொள்கிற விஷயமா அது?

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் பெத்துராஜ் கடையில் அப்பளம் வாங்க நின்றாள். கோவில்பட்டிக்காரரான பெத்துராஜும் சபை அங்கத்தினர்தான், பிரசங்கம் ஆரம்பித்ததும் கடை திறக்கக் கிளம்பிவிடுகிற அங்கத்தினர்.

"யக்கா, கையில என்ன பொத்தி வச்சிருக்கிய?"

"ஒண்ணுமில்ல தம்பி. சமாதானம். போக மாட்டேங்குது."

"எங்க, தராசுல வைங்க பாப்போம்." வைத்தாள். எண் ஓடி நின்றது. "நூத்தி எழுவது கிராம்! என் தராசு பொய் சொல்லாது யக்கா, கவர்மெண்டு சீல் போட்டது. அடுத்தாளுக்குக் குடுத்துட வேண்டியதுதான?"

"எனக்குப் பின்னால யாரு தம்பி இருக்கா?"

பெத்துராஜ் அப்பளக் கட்டை எடுத்துக் கொடுத்தார், கவுண்டரின் மேல் வைத்து. உளுந்து மாவுக் கையோடு கடைக்காரர் பெண்பிள்ளை கையைத் தொடுவது மரியாதை இல்லை என்று நினைப்பவர் அவர்.

டாலிகஞ்ச் வீட்டில் அதை எங்கே வைப்பது என்று வனஜாவுக்குப் புரியவில்லை. ஃப்ரிஜ்ஜுக்குள் வைத்தால் விறைத்துவிடுமோ என்று ஃப்ரிஜ் மேலேயே வைத்தாள். அடுத்த ஞாயிறு இன்னொன்று வந்தது. அதற்கடுத்த ஞாயிறும் வந்தது. தபசு நாட்கள் போய், ஈஸ்டர் போய், துர்கா பூஜைப் பந்தல்களுக்கு மூங்கில் வந்து இறங்கும்போது ஃப்ரிஜ் மேலேயும் அலமாரியிலேயும் கணவரின் ஈஸிசேரிலேயும் அது நிறைந்திருந்தது. வீடு அமைதியாகத்தான் இருந்தது. முதலில் நன்றாகவும் இருந்தது. ஓட்டைக் குழாய் சொட்டுகிற சத்தம் நின்றது. மின்விசிறியின் கிறீச் நின்றது. பிறகு குக்கர் விசில் அடிக்காமலே ஆவியை விட்டது. பால்கனியில் வந்து உட்கார்ந்த காகம் வாயைத் திறந்து திறந்து பார்த்து, ஒன்றும் வராமல், பயந்து பறந்துபோயிற்று. அப்புறம்தான் சங்கவியின் போன் வந்தது.

"அம்மா, நீங்க மியூட்ல இருக்கீங்க."

வனஜா இல்லை என்றாள். இல்லையென்று கத்தினாள்.

"அம்மா, வாய் அசையுது, சத்தமே வரல. அந்த மைக் படத்தத் தொடுங்க. சரி விடுங்க, எனக்கு இங்க மீட்டிங் இருக்கு, அப்புறம் பேசறேன்."

அந்த அப்புறம் வாராவாரம் வந்து, வாராவாரம் இதே மாதிரி முடிந்தது. கடைசியில் மகள் பூ படம் ஒன்றை அனுப்புவதோடு நிறுத்திக்கொண்டாள். வனஜா பயந்துபோய் ஐயரிடம் சொன்னாள். நல்ல மனுஷரான ஐயர் செயலாளரிடம் சொன்னார். அங்கேதான் தப்பு நடந்தது.

கௌரவச் செயலாளர் சுரேஷ்குமார் மே மாதத்திலும் டை கட்டுபவர். ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் பெரிய நாற்காலியிலிருந்து ஓய்வுபெற்றவர். நாற்காலியை விட்டாரே தவிர உட்கார்ந்திருக்கும் தோரணையை விடவில்லை. "இந்த நல்ல தருணத்திலே" என்று தொடங்காமல் அவர் தண்ணீர்கூடக் கேட்டதில்லை. சபைக்கு ஓர் அற்புதம் கிடைத்திருக்கிறது, கண்ணாடி அலமாரி செய்து, பேராயரை அழைத்து, செயலாளர் பெயரோடு ஒரு கல் பதித்துவிடலாம் என்று தோன்றியதும், கமிட்டி முழுவதையும் கூட்டிக்கொண்டு டாலிகஞ்ச் வந்து இறங்கினார். வனஜாவின் வீட்டுக்கு அத்தனை பேர் வந்தது கணவரின் அடக்கத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. பக்கத்து வீட்டில் நாற்காலி கடன் வாங்கிப் போட்டாள். கேசரி கிண்டினாள்.

சுரேஷ்குமார் எழுந்து, டையைச் சரிசெய்து, பேச ஆரம்பித்தார். வாய் அசைந்தது, விரல் உயர்ந்தது, புருவம் ஏறி இறங்கியது. ஓசை வரவில்லை. அவருக்கு அது தெரியவில்லை. தன் குரல் தனக்குள்ளே எப்போதும் ஒலித்துக்கொண்டிருக்கிற பழக்கம். கமிட்டிக்காரர்கள் இத்தனை வருடங்களில் முதல் தடவையாக அவர் பேச்சை ரசித்தார்கள். ஒருவர் நிம்மதியாகத் தூங்கினார். கமிட்டியோடு கூட வந்திருந்த பெத்துராஜ் தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார், அதுவும் கேட்கவில்லை. முடிவில் கைதட்டல் கேட்காதபோதுதான் செயலாளருக்கு விஷயம் புரிந்தது. கேசரியைத் தொடாமல் படியிறங்கிப் போனார்.

வந்தது தீர்மானம். சபையின் பொதுச் சொத்தாகிய சமாதானம் தனிநபர் இல்லங்களில் தேங்குவது முறையல்ல. ஆகவே இனி அது சுலோசனாவின் பெஞ்சோடு நிறுத்தப்படும். ஏற்கனவே போனதைப் பெருந்தன்மையோடு சபை கேட்காது.

அடுத்த ஞாயிறு சுலோசனா பழக்கதோஷத்தில் முனகிக்கொண்டே திரும்பினாள். முதல் பெஞ்சிலிருந்து சுரேஷ்குமார் இருமினார். சுலோசனா பாதி திரும்பியவள், வனஜாவின் முகத்தைப் பார்க்காமல், முந்தானையைச் சரிசெய்வது போல மறுபடியும் முன்னால் திரும்பிக்கொண்டாள். வனஜா நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு பாமாலைப் புத்தகத்தை எடுத்துப் பிரித்தாள். அன்று பாட்டு எது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆராதனை முடிந்து கிண்ணங்களைக் கழுவினாள். எப்போதும் போலத் துடைத்து அடுக்கினாள்.

நாற்காலியைத் திருப்பி வாங்க வந்தவள் பக்கத்து வீட்டு ஸ்மிதா. பேச்சு அறைக்குள் எடுபடாது என்று வனஜா அவளை மாடிப்படிக்கு நகர்த்தினாள்.

"வனஜாதி, ஒன்று கேட்கவா?" ஸ்மிதா வங்காளத்தில் கேட்டாள். (அங்கே 'தி' என்றால் அக்கா.) "உங்கள் வீட்டுச் சுவரில் என்ன பூசியிருக்கிறீர்கள்? என் மாமியார் அந்தச் சுவர்ப் பக்கம் படுத்தால்தான் தூங்குகிறாள். மற்ற நேரமெல்லாம் என் உயிரை எடுக்கிறாள். கொஞ்சம் இருந்தால் கொடுங்களேன்."

வெங்காயம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். வனஜாவுக்கு வங்காளம் தட்டுத்தடுமாறித்தான் வரும். உள்ளே போய் ஒன்றை எடுத்து வந்து, ஸ்மிதாவின் கையை நீட்டச் சொல்லி, தன் இரண்டு கைகளாலும் பொத்தினாள். சொல்ல வேண்டியதைத் தமிழிலேயே சொன்னாள். ஸ்மிதா சூட்டைப் பார்த்து "ஓமா!" என்றாள், அவ்வளவுதான். இதை வைத்துக்கொள்ளக் கூடாது, அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று வனஜா ஜாடையில் விளக்கினாள். மாமியார் வாங்கி, ஒரு தூக்கம் தூங்கி எழுந்து, மீன்காரியிடம் கொடுத்தாள். மீன்காரி தனக்குப் பாக்கி வைத்திருந்த எதிராளிக்குக் கொடுத்தாள். பிறகு ஒவ்வொருவராகப் படியேறி வந்தார்கள், மருமகள்கள், ஆட்டோக்காரர்கள், ஸ்டூடியோவில் கூட்டத்தில் நிற்கிற துணை நடிகர்கள், பரீட்சை எழுதப் போகிற பெண்கள். யாரும் உட்காரவில்லை. வாங்கிக்கொண்டு, "ஆஷி மாஷிமா", அதாவது வருகிறேன் சித்தி, என்று இறங்கிப் போனார்கள். வனஜா ஒவ்வொரு கையையும் தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பிடித்துக்கொண்டாள். அலமாரி காலியாயிற்று, ஈஸிசேர் காலியாயிற்று, ஃப்ரிஜ் மேலே இருந்த முதல் சமாதானமும் போயிற்று. குக்கர் ஒரு நாள் காலையில் வீடு அதிரும்படி விசிலடித்தது. குழாய் சொட்டியது. சங்கவி போனில், "அம்மா, ஏன் இப்படிக் கத்துறீங்க, நல்லாக் கேக்குது," என்றாள். பேசினார்கள். பிறகு மீட்டிங் வந்துவிட்டது. வனஜா சத்தமுள்ள வீட்டில் உட்கார்ந்து தன் கைகளைப் பார்த்தாள். இனி கொடுக்க எதுவும் இல்லை. ஆகவே இனி யாரும் வர மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன. சமாதானம் சுலோசனாவோடு நின்றது. வனஜா மணி அடித்தாள், பூ வைத்தாள், அந்த நேரம் வரும்போது தரையைப் பார்த்தாள்.

அடுத்த வருஷ மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு, சுரேஷ்குமார் ஐயரின் கையை வாங்க எழுந்த அதே கணத்தில், பின்கதவு திறந்தது. நனைந்த காக்கிச் சட்டையோடு ஒரு ஆட்டோக்காரர், செருப்பை வெளியே விட்டுவிட்டு, கையைப் பொத்திக்கொண்டு நின்றார். பவானிபூர், சாந்த்ராகாச்சி, எங்கெங்கோ சுற்றி அது அவர் கைக்கு வந்திருந்தது. அவருக்கு அப்புறம் கொடுக்க ஆளில்லை. வாங்காதவர் யாரும் அவர் ரூட்டில் மிச்சமில்லை. கிளம்பின இடத்தை விசாரித்து வந்திருக்கிறார். "மாஷிமா, இது உங்கள் ஆட்களுடையதாமே," என்று சொல்லி, பெட்ரோல் வாசனை அடிக்கிற இரண்டு கைகளாலும் வனஜாவின் கையைப் பொத்தினார். பெருவிரலில் ஆறாத ஒரு வெட்டு இருந்தது. ஆட்டோ எஞ்சினை அணைக்காமல் ரோட்டில் நிற்கிறது என்று உடனே போய்விட்டார்.

வனஜா நின்றாள். முன்னால் சுலோசனாவின் முதுகு. வனஜா அதைத் தட்டினாள். இத்தனை வருடத்தில் அவள் யாரையும் தட்டிக் கூப்பிட்டதில்லை. சுலோசனா திரும்பினாள். இருமல் கேட்டது. "இருமிட்டுப் போறாரு, வியாதிக்காரரு," என்று சுலோசனா ஊருக்கே கேட்கும்படி சொல்லி, கையை நீட்டினாள். அப்புறம் அது முன்னால் போக ஆரம்பித்தது. பெஞ்சு பெஞ்சாக, தோளைத் தட்டித் தட்டி. அன்றைக்கென்று கடை திறக்கப் போகாமலிருந்த பெத்துராஜ் வாங்கி, எடை பார்ப்பது போல் உயர்த்திப் பார்த்து, "கூடியிருக்கு," என்று அறிவித்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுத்தார். முதல் ஆளாகிய கௌரவச் செயலாளர் கடைசி ஆளாக வாங்கினார். டையைச் சரிசெய்துகொண்டு ஐயரிடம் கொடுத்தார். ஐயர் வாங்கித் திரும்பினார். அவருக்குப் பின்னால் பீடமும் சுவரும்தான். ஜன்னலுக்கு வெளியே, மழைக்கு ஒதுங்கி நின்ற, பானிபூரி விற்கிற புச்காக்காரருக்குக் கம்பி வழியாகக் கையை நீட்டினார்.

இப்போது அந்தச் சபையில் சமாதானம் வாசலிலிருந்துதான் வருகிறது. வாராவாரம் யாராவது கொண்டுவருகிறார்கள், பெயர் சொல்வதில்லை, தங்குவதில்லை, போன வாரம் வந்தவர் இந்த வாரம் வருவதில்லை. வனஜா மெட்ரோவில் தனியாகத்தான் வீட்டுக்குப் போகிறாள். கைச்சூடு காளிகாட் தாண்டும்வரை இருக்கும். சில ஞாயிறுகளில் கொண்டுவருகிற ஆள் பிந்திவிடுவதுண்டு. அப்போது ஐயர் ஆராதனையை நிறுத்தி வைப்பார், சுரேஷ்குமார் டையைத் தடவுவார், சபையார் எல்லாரும் எழுந்து, பீடத்துக்கு முதுகைக் காட்டி, கடைசி பெஞ்சைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, வனஜாவின் முகத்தைப் பார்த்தபடி காத்திருப்பார்கள்.